குழாய்க்குள் ஒரு பிரயாணி

முன்னுரை

வடசென்னையில் வாழும் நமக்கு வாகனங்களைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தை நோக்கி வரிசை வரிசையாகச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டை வழியாக ஊர்ந்து செல்லும் கூட்ஸ் வண்டிகள், காசிமேட்டிலிருந்து விடியுமுன் புறப்படும் விசைப்படகுகள் ஆகிய எல்லாவற்றையும் நாம் அன்றாடம் காண்கிறோம். ஆனால் நம் கண்ணில் படாமல், நம் காலடியில், மண்ணுக்கு அடியில் பிரயாணம் செய்யும் ஒரு வாகனம் உண்டு. அதற்கு ஓட்டுநர் இல்லை, என்ஜின் இல்லை, ஜன்னல் இல்லை, விளக்கும் இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் செல்லும் பெருங்குழாய்களுக்குள், அந்த எண்ணெயும் வாயுவுமே தள்ளிக்கொண்டு போக, அது நகர்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பிக்’, அதாவது பன்றி! குழாய்க்குள் உரசிக்கொண்டு செல்லும்போது அது எழுப்பும் கிறீச்சொலியால் இப்பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் இப்பெயரைக் கேட்டதும் அனைவரும் சிரித்தோம். ஆனால் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டதும் சிரிப்பு நின்றது. “பிரேக்கும் இல்லாத, ஓட்டுநரும் இல்லாத அந்த வண்டி எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று யார் தீர்மானிப்பது?” அதற்கு நாங்கள் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

நம் ஊரின் குழாய்கள்

மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1965-ஆம் ஆண்டு ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ என்ற பெயரில் நிறுவனமாக உருவாகி, 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். கப்பலில் வரும் கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்திலிருந்து மணலிக்கு நிலத்தடிக் குழாய் வழியாகவே செல்கிறது. தொடக்க காலத்தில் போட்ட குழாய் 30 அங்குல விட்டம் கொண்டது. அரை நூற்றாண்டுக்குள் அதைச் சுற்றிலும் வீடுகளும் தெருக்களும் நெருங்கிவிட்டன. பின்னர் 42 அங்குல விட்டத்தில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளத்தில் புதிய குழாய் அமைக்கப்பட்டது.

வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் ஒன்று உள்ளது. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் எரிவாயுவைக் கையாளும் திறன் உடையது. பூஜ்யத்திற்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவமாக வரும் அந்த எரிவாயுவை அங்கே மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். எண்ணூரிலிருந்து செங்கல்பட்டு வரை 115 கிலோமீட்டரும், திருவள்ளூரிலிருந்து பெங்களூரு வரை 271 கிலோமீட்டரும் உள்ள குழாய்ப் பகுதிகள் 2022-ஆம் ஆண்டு மே மாதம் அர்ப்பணிக்கப்பட்டன.

ஆக, நம் பகுதியில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்றில் திரவம் செல்கிறது. மற்றொன்றில் வாயு செல்கிறது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பிக் எதற்காக?

குழாயில் கச்சா எண்ணெய் செல்லும்போது மெழுகும் கசடும் உட்சுவரில் படிகின்றன. எரிவாயுக் குழாயில் ஈரம் இருந்தால் தண்ணீர் தாழ்வான இடங்களில் தேங்கி இரும்பை அரிக்கிறது. ரப்பர் தட்டுகளும் கம்பித் தூரிகைகளும் பொருத்திய பிக், இவற்றைத் தேய்த்துத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் சேர்க்கிறது. இது துப்புரவுப் பணி.

இன்னொரு வகை பிக் மருத்துவரைப் போன்றது. அதில் வலிமை மிக்க காந்தங்கள் உள்ளன. அவை குழாயின் இரும்புச் சுவரைக் காந்தமாக்குகின்றன. சுவர் ஒரே தடிமனாக இருக்கும் வரை காந்தப் புலம் இரும்புக்குள்ளேயே அடங்கிச் செல்லும். துரு அரித்து மெலிந்த இடத்தில் அந்தப் புலம் வெளியே கசியும். அக்கசிவைச் சுற்றிலும் உள்ள உணர்கருவிகள் பதிவு செய்துகொள்ளும். ஒரு அட்டையின்மேல் இரும்புத்தூளைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்து நாம் வகுப்பில் செய்த சோதனையின் பெரிய உருவமே இது. நம் நாட்டிலும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் சேர்ந்து இத்தகைய கருவியை உருவாக்கியுள்ளது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

இப்பணி எவ்வளவு முக்கியமானது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். 2013-ஆம் ஆண்டு தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை வீசியது. நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணம். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் இருந்த தண்ணீர், தீக்குச்சியை அருகில் கொண்டுபோக அஞ்சும் பொருளாக மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு, 2014 ஜூன் 27 அன்று, ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் கிராமத்தில், அரிமானத்தால் மெலிந்த எரிவாயுக் குழாய் கசிந்து, விடியற்காலையில் தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தம் வீட்டருகே குழாய் மெலிந்து வருகிறது என்று அறிவதற்கு எந்த வழியும் இருக்கவில்லை. மண்ணுக்குள் இருக்கும் குழாயின் உட்சுவரை நம்மால் மேலிருந்து பார்க்க முடியாது. உள்ளே சென்று பார்த்துவரும் கருவியை நம்பித்தான் இருக்கிறோம்.

வேகம் ஏன் சரியாக இருக்க வேண்டும்?

பரிசோதனை பிக்குகளுக்குப் பெரும்பாலும் ஏற்ற வேகம் நொடிக்கு 1 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை. அதாவது நாம் நடந்து செல்லும் வேகத்திலிருந்து சைக்கிளில் செல்லும் வேகம் வரை. இதைத் தாண்டினால் என்ன ஆகும்?

முதலாவது, பார்வை தவறும். ஓர் உணர்கருவி நொடிக்கு 1,000 முறை பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். பிக் நொடிக்கு 1 மீட்டர் சென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு பதிவு கிடைக்கும். அது நொடிக்கு 10 மீட்டர் பாய்ந்தால் 10 மில்லிமீட்டருக்கு ஒரு பதிவுதான். ஓர் அரிசி நீளமே உள்ள துருப்பள்ளம் இரண்டு பதிவுகளுக்கு இடையே ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது, காந்தமே ஏமாறும். காந்தம் உலோகத்தின் அருகே வேகமாக நகர்ந்தால், மின்காந்தத் தூண்டலால் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை காந்தப் புலத்தை எதிர்த்து அதன் உருவத்தைக் குலைக்கின்றன. செம்புக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளே வலிய காந்தம் ஒன்றைப் போட்டால், அது கல்லைப் போல் விழாமல் மெதுவாக இறங்குவதைக் காணலாம். அதற்கும் இதே மின்னோட்டங்கள்தான் காரணம். வேகம் மிகுந்தால் குழாய்ச் சுவர் முழுமையாகக் காந்தமாவதில்லை. அதனால் பழுதின் அளவு தவறாகத் தெரியும்.

மூன்றாவது, இடம் தவறும். பிக் தன் பக்கத்தில் உள்ள சிறு சக்கரங்களின் சுழற்சியைக் கொண்டே தான் கடந்த தூரத்தைக் கணக்கிடுகிறது. திடீரென்று பாய்ந்தால் சக்கரம் வழுக்கும், கணக்கு பிசகும். பழுது ஓரிடத்தில் இருக்க, வேறிடத்தில் பள்ளம் தோண்ட நேரும். தண்டையார்பேட்டையின் குறுகிய தெருக்களில் ஒரு வீட்டு வாசலுக்குப் பதிலாக வேறொரு வீட்டு வாசலைத் தோண்டினால் என்ன நடக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம்!

அப்படியானால் மிக மெதுவாகவே செலுத்திவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. மிக மெதுவானால் பிக் உராய்வை வெல்ல முடியாமல் நின்றுவிடும். உள்ளே உள்ள பேட்டரி இத்தனை மணி நேரம்தான் உழைக்கும் என்ற கணக்கும் உண்டு. நின்றுபோன பிக்கை வெளியே எடுக்கக் குழாயையே வெட்ட நேரிடலாம்.

எண்ணெய்க் குழாயில்

எண்ணெயைப் பெரும்பாலும் அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே எண்ணெய் எவ்வளவு வேகமாகச் செல்கிறதோ ஏறத்தாழ அதே வேகத்தில்தான் பிக்கும் செல்லும். பம்பை இயக்குபவர் கையில்தான் கடிவாளம் இருக்கிறது.

கணக்குக்காகக் குழாயின் உள்விட்டம் 1 மீட்டர் என்று கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு 0.785 சதுர மீட்டர். பிக் நொடிக்கு 1 மீட்டர் செல்ல வேண்டுமானால் நொடிக்கு 785 லிட்டர் எண்ணெயைப் பம்பு தள்ள வேண்டும். இது மணிக்கு 2,826 கன மீட்டர் ஆகும். 12,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரிகளில் ஏற்றினால், நிமிடத்திற்கு ஏறத்தாழ நான்கு லாரிகள் நிரம்பும்! இவ்வேகத்தில் 17 கிலோமீட்டரைக் கடக்க 4 மணி 43 நிமிடம் ஆகும். பம்பின் அளவை இரட்டித்தால் நேரம் பாதியாகும். நம் ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கைத் தவிர வேறொன்றும் இதில் இல்லை.

எரிவாயுக் குழாயில்

வாயுவின் கதை வேறு. பாயில் விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு குறையும். அது சுருளும், விரியும், ஸ்பிரிங் போன்றது. பிக் ஒரு பற்றவைப்பு விளிம்பிலோ வளைவிலோ சற்றுத் தடைபட்டு நின்றால், பின்னால் வரும் வாயு நின்றுவிடுவதில்லை. அது அமுங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பிக் விடுபட்டு, வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போலப் பாயும்.

இதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். குழாய் விட்டம் 0.6 மீட்டர் என்றால் பரப்பு 0.2826 சதுர மீட்டர். உராய்வை வென்றபின் மிஞ்சும் அழுத்த வேறுபாடு அரை பார், அதாவது சதுர மீட்டருக்கு 50,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் விசை 14,130 நியூட்டன். பிக்கின் நிறை 1,500 கிலோகிராம் என்றால் முடுக்கம் நொடிக்கு நொடி 9.4 மீட்டர். மாடியிலிருந்து விழும் கல்லின் முடுக்கம் 9.8 அல்லவா? ஏறத்தாழ அதே வேகவளர்ச்சியுடன் ஒன்றரை டன் எடையுள்ள இரும்பு மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ‘விழுகிறது’ என்று சொல்லலாம். பின்னால் உள்ள வாயு விரிந்ததும் தள்ளும் விசை குறைந்து வேகமும் தணியும். ஆனால் அதற்குள் கடந்துபோன பகுதி சரியாகப் பதிவாகியிராது.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாயுவின் ஓட்டத்தைக் குறைப்பது, அல்லது குழாயின் அழுத்தத்தை உயர்த்துவது. அதே அளவு வாயு 30 பார் அழுத்தத்தில் நொடிக்கு 10 மீட்டர் சென்றால், 60 பார் அழுத்தத்தில் பாதி இடத்திலேயே அடங்கிவிடுவதால் 5 மீட்டர் சென்றாலே போதும். ஆனால் ஓட்டத்தை அதிகம் குறைத்தால் மறுமுனையில் காத்திருக்கும் தொழிற்சாலைகளுக்கு வாயு போதாது.

இரண்டாவது வழிதான் எங்களை மிகவும் கவர்ந்தது. பிக்கின் நடுவே ஒரு துளை விட்டு, அதில் ஒரு வால்வைப் பொருத்திவிடுகிறார்கள். தன்னைத் தள்ள வரும் வாயுவில் ஒரு பகுதியைத் தன் உடலின் ஊடாகவே முன்னே போகவிட்டு, மீதியால் மட்டும் பிக் நகர்கிறது. வாயு நொடிக்கு 10 மீட்டரும், பிக் 3 மீட்டரும் செல்ல வேண்டுமானால், பத்தில் ஏழு பங்கு வாயு பிக்கின் ஊடாகக் கடந்து செல்ல வேண்டும். வேகம் கூடினால் சக்கரங்கள் அதை உணர்ந்து உள்ளிருக்கும் மின்னணுக் கருவிக்குச் சொல்லும். வால்வு மேலும் திறக்கும். தள்ளும் விசை குறையும். வேகம் குறைந்தால் வால்வு மூடும், விசை கூடும். யாரும் தொடாமலே இது நடக்கிறது. வாயுவும் தடையின்றிப் போய்ச் சேருகிறது. பிக்கும் தன் வேலையை நிதானமாகச் செய்கிறது.

எங்கள் சோதனை

படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் மனம் அடங்குமா? அறிவியல் கண்காட்சிக்காக, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் ரப்பர் டியூப் ஐந்து மீட்டர் வாங்கினோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி ‘பிக்’ ஆக்கினோம்.

முதலில் டியூப்பைத் தண்ணீர்க் குழாயில் பொருத்தினோம். குழாயைச் சற்றுத் திறந்தால் ஸ்பாஞ்சு மெல்ல நகர்ந்தது, அதிகம் திறந்தால் விரைந்தது, மூடினால் நின்றது. சொன்னபடி கேட்டது.

பிறகு சைக்கிள் பம்பைப் பொருத்திக் காற்று அடித்தோம். ஸ்பாஞ்சு அசையவில்லை. மீண்டும் அடித்தோம், அசையவில்லை. மூன்றாவது முறை அடித்ததும் அது பாய்ந்து சென்று, டியூப்பின் மறுமுனையிலிருந்து வெளிப்பட்டு, கரும்பலகையில் மோதி, கண்காட்சியைப் பார்வையிட வந்துகொண்டிருந்த தலைமை ஆசிரியை சிஸ்டரின் காலடியில் விழுந்தது! நாங்கள் நடுங்கினோம். சிஸ்டர் அதைக் கையில் எடுத்து, “இதற்கு இன்னும் ஒழுக்கம் கற்றுத் தரவில்லையா?” என்று கேட்டதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அந்த ஒழுக்கத்தைக் கற்பிக்க, ஸ்பாஞ்சின் நடுவே துளையிட்டுக் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ராவின் துண்டு ஒன்றைச் செருகினோம். காற்று முழுவதும் அதன் வழியே போய்விட, ஸ்பாஞ்சு நகரவே இல்லை. அடுத்து, தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் சிறு துண்டைச் செருகினோம். இப்போது சீராக அடித்தபோது ஸ்பாஞ்சு முன்போல் பாயாமல், சிறு சிறு அடிகளாக நகர்ந்து சென்றது. துளை பெரிதானால் நின்றுவிடும். துளையே இல்லாவிட்டால் பாய்ந்துவிடும். அளவான துளையே வேகத்தைக் காக்கும் என்று கண்ணாரக் கண்டோம். உண்மையான பிக்கில் வழியெங்கும் அந்த அளவை மாற்றிக்கொண்டே இருப்பது வால்வின் வேலை.

பெற்றோர் கவனத்திற்கு

குழாய் செல்லும் பாதையில் எச்சரிக்கைப் பலகைகளும் அடையாளக் கற்களும் நடப்பட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டப்படி, குழாய்க்காக உரிமை பெறப்பட்ட நிலத்தின்மேல் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. அந்தக் கற்களைப் பிடுங்கி வாசற்படியாகப் போட்டுக்கொள்வதும், பலகையின்மேல் சுவரொட்டி ஒட்டுவதும் நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு. வாடை வீசினாலோ, மண்ணில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, அவ்விடத்தில் தீக்குச்சி கிழிக்காமல் விலகி நின்று, பலகையில் உள்ள எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உள்ளே பிக் பார்ப்பதை உள்ளே பார்க்கட்டும்; வெளியே பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

முடிவுரை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் பெரியோர் வாக்கு. குழாய்க்குள் செல்லும் இப்பிரயாணியைப் பற்றிப் படித்தபின் அப்பழமொழிக்குப் புதிய பொருள் தெரிகிறது. பின்னாலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு பாயும் பிக், வழியில் உள்ள குறைகளைக் காணாமல் போய்விடுகிறது. வேண்டிய அளவை மட்டும் ஏற்று, மீதியைத் தன் ஊடாகப் போகவிடும் பிக்தான், ஊரார் உறங்கும்போது ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்துக்கொண்டு போகிறது.

பொதுத்தேர்வு என்னும் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளும் இவ்வாண்டில், பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. இனிமேல் நம் தெருவில் அந்த மஞ்சள் பலகையைக் காணும்போது, அடியில் நிதானமாகச் சென்றுகொண்டிருக்கும் அந்தப் பிரயாணியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அது நிதானமாகச் செல்வதால்தான் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்.